இரைச்சல் நின்ற நேரம்

இதை நான் சொல்ல ஆரம்பித்தால் எங்கள் ஊரில் சிலர் எழுந்து போய்விடுகிறார்கள். எழுந்து போகிறவர்கள் எல்லோரும் அந்தச் சனிக்கிழமை அங்கே இருந்தவர்கள். நீங்கள் இல்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன். நடந்தது நடந்தபடி. நேரங்கள் எல்லாம் என் பட்டறை நோட்டில், என் கையெழுத்தில் இருக்கின்றன.

என் பெயர் வெர்ல் அம்டால். தெற்கு டகோட்டாவின் மலைப் பக்கம், ஹாலோவே என்ற சின்ன ஊரில் மோட்டார் சைக்கிள்களுக்கு வயரிங் வேலை செய்கிறேன். நெடுந்தூரம் போகும் பெரிய வண்டிகளில் சாட்டிலைட் ரேடியோ மாட்டுவதுதான் பாதிப் பிழைப்பு. மாட்டுவது எளிது. இரைச்சல் வராமல் மாட்டுவதுதான் வேலை. கரண்டைக் கண்ட இடத்தில் எடுத்தால், இஞ்சின் வேகம் ஏற ஏற ஸ்பீக்கரில் ஒரு ஊளை கூடவே ஏறும்.

லோரன் ஹாகன் தானே மாட்டிக்கொண்டவன். பிரேக் விளக்கு வயரை அறுத்து அதில் ஒட்டுப் போட்டிருந்தான். ஊளை தெருமுனை வரை கேட்கும். "கொண்டா, சரி பண்ணித் தரேன்" என்று மூன்று முறை சொல்லியிருக்கிறேன்.

"கத்தினா கத்தட்டும். வீட்டுல கேக்குறதுக்கு இது எவ்வளவோ தேவலை" என்பான்.

ஆகஸ்ட் மாதம் ஒரு புதன்கிழமை. மாலை 5.40. பேர் கிரீக் பள்ளத்தாக்குச் சாலையில் ஒரு வளைவில் அவன் விழுந்தான். தலை பாறையில் மோதி, அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. வண்டியில் ஒரு கண்ணாடி உடைந்ததைத் தவிரப் பெரிய சேதம் இல்லை. தடுப்புக் கம்பியில் சாய்ந்து கிடந்தது.

7.15-க்கு வண்டியை எடுத்து வர நான் லாரியோடு போனேன். உடலை அதற்குள் எடுத்துப் போயிருந்தார்கள். வண்டியை ஏற்றும்போது ஒன்றைக் கவனித்தேன். பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் மிதிகள் இரண்டும் இறக்கிவிட்டபடி இருந்தன. லோரன் எப்போதும் தனியாகத்தான் போவான். விழுந்த அதிர்ச்சியில் இறங்கியிருக்கும் என்று நினைத்தேன். பூட்ஸ் காலால் மடக்கிவிட்டு ஏற்றிக்கொண்டு வந்தேன்.

வியாழன் காலை பத்து மணிக்கு அவன் மனைவி மார்லிஸ் பட்டறைக்கு வந்தாள். அவளும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். கண்ணில் ஈரம் இல்லை.

"சனிக்கிழமை அடக்கம். அவன் தம்பி கெர்ட் இந்த வண்டியைத்தான் முன்னால ஓட்டிட்டுப் போவானாம். அண்ணன் கேட்ட ஸ்டேஷனைப் போட்டுக்கிட்டு."

"சரி."

"அந்த ஊளை வரக் கூடாது, வெர்ல். பதினோரு வருஷமா என்னை அதுல ஏத்தல. ஆனா வாரா வாரம் அது கத்திக்கிட்டே வாசலைத் தாண்டிப் போறதைக் கேட்டிருக்கேன். அன்னிக்காவது வாயை மூடிட்டுப் போகட்டும்."

வேலையை ஆரம்பித்தேன். அவன் போட்ட ஒட்டைப் பிரித்தேன். பேட்டரியிலிருந்து நேராகப் புது வயர், நடுவில் ஒரு ஃபியூஸ். ரேடியோவுக்கும் ஸ்பீக்கருக்கும் எர்த் ஒரே போல்ட்டில். ஆன்டெனாவை இஞ்சின் பக்கமிருந்து எடுத்துப் பின்பெட்டியின் மூடி மேல் வைத்தேன்.

மதியம் 1.20. இஞ்சினைக் கிளப்பாமல் ரேடியோவை மட்டும் போட்டேன். என் பட்டறைக்குத் தகரக் கூரை. உள்ளே சாட்டிலைட் எட்டாது. திரையிலும் 'சிக்னல் இல்லை' என்றுதான் வந்தது.

ஆனால் ஸ்பீக்கரில் மூச்சு கேட்டது.

இரைச்சல் இல்லை. மூச்சு. ஓடி வந்த மனிதன் விடும் மூச்சு. பிறகு ஒரே ஒரு சொல்.

"கீழ..."

லோரனின் குரல். எனக்கு அது தெரியும். ஆனாலும் நான் வயர்காரன். கீழே ஏதோ வயர் உரசுகிறது, பழைய ஒலி ஏதோ உள்ளே பதிந்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சீட்டைக் கழற்றிக் கீழே பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. 1.31-க்குக் குரல் தானாக நின்றது.

4.50-க்கு மறுபடி வந்தது. இந்த முறை நான் ரேடியோவைப் போடவே இல்லை.

"கீழ... கீழ பாரு..."

பேட்டரி வயரைக் கழற்றினேன். திரை அணைந்தது.

குரல் அணையவில்லை.

வெளியே போய் வெயிலில் நின்றேன். அன்று திரும்ப உள்ளே போகவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் வேலை முடிந்ததா என்று பார்க்க மார்லிஸ் வந்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் குடித்திருக்கிறேன் என்பாள். ரேடியோவைப் போட்டுக் காட்டினேன். மூன்று நிமிடம் ஒன்றும் இல்லை. 3.38-க்கு...

"நடீன்... பிடிச்சுக்கோ... விட்டுடாத..."

மார்லிஸ் ஸ்பீக்கர் பக்கம் குனிந்தாள்.

"யார் நடீன்?"

"எனக்குத் தெரியாது, மார்லிஸ்."

"முப்பது வருஷம் ஒரே வீட்டுல இருந்தோம். உப்பைக் கொண்டா, கதவைச் சாத்து... இதுக்கு மேல என்கிட்ட பேசினதில்ல. செத்த பிறகு எவளையோ பிடிச்சுக்கோங்கிறான்."

"கீழ... கீழ போ..."

"நீயே போ" என்றாள் ரேடியோவைப் பார்த்து. "அங்கதான் உனக்கு இடம்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "இதை நிறுத்து."

"இது வயர் கோளாறு இல்ல..."

"நிறுத்த முடியுமா, முடியாதா?"

ஒரு வழி பாக்கி இருந்தது. ரேடியோவுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் மாட்டும் சின்னப் பெட்டி. எப்பேர்ப்பட்ட இரைச்சலையும் தடுத்துவிடும். எடுத்தேன். குரல் இப்போது கெஞ்சியது.

"வெர்ல்..."

என் பெயர்.

"வெர்ல்... கால்மிதி..."

அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. பயந்திருந்தேன். மார்லிஸ் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

முதல் வயர்...

"வெர்ல்..."

இரண்டாவது வயர்...

அமைதி.

மணி 4.06.

"இவ்வளவுதான்" என்றாள் மார்லிஸ். போய்விட்டாள்.

சனிக்கிழமை அடக்கத்துக்கு நாற்பத்து மூன்று வண்டிகள் வந்தன. தேவாலயத்திலிருந்து கல்லறைக்குப் பள்ளத்தாக்குச் சாலை வழியாகப் போனோம். கெர்ட் முன்னால். நான் அவனுக்கு அடுத்து. ரேடியோ நன்றாகப் பாடியது. நிம்மதியாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அக்டோபர் ஒன்பதாம் தேதி, மான் வேட்டைக்குப் போன இருவர் அந்த வளைவுக்கு நேர் கீழே, எழுபது கஜ ஆழத்தில், புதருக்குள் ஒரு பெண்ணின் உடலைக் கண்டார்கள். தலையில் ஹெல்மெட் இருந்தது. நடீன் க்ரல். வயது நாற்பத்து நான்கு. எண்பது மைல் தள்ளி ஒரு ஊரில் தனியாக வாழ்ந்தவள். அவள் கார் ஒரு மோட்டல் வாசலில் இரண்டு மாதமாக நின்றிருந்தது. லோரனுக்குப் பின்னால் யாராவது இருந்திருப்பார்கள் என்று யாருக்கும் தோன்றவில்லை. மிதிகளை நான் மடக்காமல் விட்டிருந்தால் ஒருவேளை யாருக்காவது தோன்றியிருக்கும்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. விழுந்தவுடன் அவள் சாகவில்லை.

சட்டைப் பையில் போன் இருந்தது. அந்தப் பள்ளத்தில் சிக்னல் கிடையாது. ஆனால் அவசர உதவி எண் 911-க்கு அவள் போட்ட அழைப்புகள் எல்லாம் அதில் பதிவாகியிருந்தன. விசாரணைக்கு வந்த அதிகாரி பட்டியலை எனக்குப் படித்துக் காட்டினார். வியாழன் 1.20. வியாழன் 4.50. வெள்ளி 3.38. நான் என் நோட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். அவர் பார்த்தார். மூடி என்னிடமே கொடுத்தார்.

"கடைசி அழைப்பு வெள்ளிக்கிழமை இல்ல, அம்டால்" என்றார்.

சனி, காலை 11.26.

11.26-க்கு நாற்பத்து மூன்று வண்டிகள் அவள் தலைக்கு மேலே அந்த வளைவில் திரும்பிக்கொண்டிருந்தன. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அங்கேதான் கெர்ட் வேகத்தைக் குறைத்தான். ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்தான். திரும்பி என்னைப் பார்த்து, வேலை பிரமாதம் என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.