முன்வரிசைப் பாய்

1955, பங்குனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஆறு மணிக்குப் புதுக்கோட்டையில் பஸ் ஏறினேன். கீரனூருக்குப் பதினைந்து மைல். டிக்கெட் எட்டணா.

நான் நாடகம் கற்றுக்கொள்கிறவன். வயது முப்பத்தொன்று. அதற்கு முன் அரிசி மில்லில் மூட்டை தூக்கினேன். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. ஏழு மாதத்தில் உருப்படியாகப் படிந்தது ஒன்றுதான். மேடையை விட்டுப் போகும்போது சபைக்கு முதுகு காட்டக் கூடாது. முகம் காட்டியபடி பின்னால் நடந்தே போக வேண்டும். முதுகு தெரிந்தால் வாத்தியார் பிரம்பை எறிவார். மற்றதெல்லாம் பார்த்துத்தான் வரும் என்று ஊர் ஊராக நாடகம் பார்க்க அனுப்புவார். இது பதினோராவது. பகலில் நடக்கிற நாடகம் என்று கேள்விப்பட்டேன். வெயில் வெளிச்சத்தில் நடிகர் முகம் நன்றாகத் தெரியும் என்று நினைத்துப் புறப்பட்டேன்.

நார்த்தாமலைக் குன்றுகளைத் தாண்டும்போது இன்னும் வெயில் ஏறவில்லை. ஏழே காலுக்குக் கீரனூர். டீ ஓரணா. கடைக்காரரிடம் வழி கேட்டேன். குன்றாண்டார்கோவில் ரோட்டில் மூன்று மைல், பிறகு இடது கைப்பக்கம் வண்டிப் பாதையில் ஒன்றரை மைல் என்றார். நாடகம் பார்க்கப் போகிறேன் என்றதும் டம்ளர் கழுவுவதை நிறுத்தினார்.

"அங்க யாரும் சிரிக்க மாட்டாங்க, கை தட்ட மாட்டாங்க. பபூன் பாவம், சம்பளத்த வாங்கிக்கிட்டு அழுதுகிட்டே வருவான். நீங்களும் பேசாமப் பாத்துட்டு வாங்க."

ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று அந்த ஊரார் பிற்பாடு கேட்டுக்கொண்டார்கள். எழுதவில்லை.

ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தேன். வற்றிய கண்மாய்க்குள் பந்தல். ஜனம் முந்நூறு பேர் இருக்கும். சத்தமே இல்லை. மடியில் கிடந்த பிள்ளைகள்கூட அழவில்லை. ஜனத்துக்கும் மேடைக்கும் நடுவே கொஞ்சம் வெற்றிடம். மேடையை ஒட்டி ஒன்பது பனையோலைப் பாய்கள் வரிசையாக விரித்திருந்தார்கள். ஒன்றில் மடித்த துண்டு, ஒன்றில் வெற்றிலைப் பெட்டி, ஒன்றில் மூக்குக் கண்ணாடி, ஒன்றில் சின்னச் சட்டை. இப்படி எட்டுப் பாயிலும் ஏதோ ஒன்று. எங்கள் பக்கம் நாடகத்துக்கு இடம் பிடிக்கத் துண்டு போடுவது வழக்கம். அப்படித்தான் இதுவும் என்று நினைத்தேன். ஒன்பதாவது பாயில் எதுவும் இல்லை. போய் உட்கார்ந்தேன். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

பத்து மணிக்கு ராஜபார்ட் வந்தார். வெளியூர் நடிகர். அவர் ஜனத்தைப் பார்க்கவே இல்லை. பாய்களைப் பார்த்துப் பாடினார். முதல் பாய், இரண்டாவது பாய் என்று கண் நகர்ந்தது. என்னிடம் வந்ததும் ஒரு வரியை விட்டுவிட்டார். பிறகு அந்தக் கண் என்னை விட்டு அசையவில்லை. நாடகம் பார்க்கிறவன் ஒளிந்திருக்கிறவன் என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்று ஒளிய இடமில்லை.

பதினொன்றரை இருக்கும். ஒரு ஆள் குனிந்தபடி வந்து தண்ணீர்ச் செம்பை வைத்தார். கருப்பையா என்று பெயர் சொன்னார். நான் எழப் பார்த்தேன்.

"எந்திரிச்சிராதீங்க. உக்காந்தாச்சு. முடியிற வரைக்கும் நீங்கதான் எங்க மச்சான்."

காதோடு காதாக மீதியைச் சொன்னார். அந்த வருஷம் ஊரில் செத்தவர்கள் ஒன்பது பேர். நாடகம் அவர்களுக்குத்தான். உயிரோடு இருப்பவர்கள் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம். முடிந்ததும் பபூன் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். அந்தந்த வீட்டார் பாயைச் சுருட்டினால் செத்தவர் போய்விடுவார். சுருட்டாத பாய்க்காரர் வீட்டுக்கே திரும்புவார். என் பாய் அவர் அக்காள் புருஷன் சின்னையாவுக்கு. கிணறு வெட்டும்போது வெடியில் போனவர். முகம் சிதைந்துவிட்டதால் துணியைச் சுற்றியே எடுத்துப் போனார்கள். தாயாருக்குக் காட்டவில்லை. தாயார் அழகியம்மாள், மகன் செத்ததை ஒப்புக்கொள்ளவில்லை. அதனால்தான் மகன் பொருள் எதையும் பாயில் வைக்கவில்லை. தினமும் மத்தியானம் மகனுக்கு ஒரு தட்டில் சோறு போட்டு வைக்கிறார். தான் சாப்பிடுவது அரை வயிறு.

"அத்தை பாயச் சுருட்ட மாட்டேங்குது. பேரு கூப்பிட்டதும் நீங்க எந்திரிச்சு கெழக்க கரையைப் பாத்து நடங்க. திரும்பிப் பாத்துராதீங்க. அதுக்குப் பெறகாவது மனசு மாறுதான்னு பாப்பம்."

உச்சிக்கு எல்லாப் பாய்க்கும் இலை போட்டார்கள். என் இலைக்கு அழகியம்மாள் வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தார்.

"காரம் கம்மியாத்தான் போட்டுருக்கேன்."

கருவாட்டுக் குழம்பு. சாப்பிட்டேன். மற்ற எட்டு இலையிலும் சோறு அப்படியே இருந்தது.

மூன்று மணிக்கு நாடகம் முடிந்தது. பபூன் அரிதாரத்தைத் துடைத்துவிட்டு வந்தார். பெயரைச் சொல்லி, நாடகம் முடிந்துவிட்டது, போங்கள் என்றார். பாய்கள் ஒவ்வொன்றாகச் சுருண்டன. சின்னச் சட்டைப் பாயை ஒரு ஆள் சுருட்டித் தோளில் சாய்த்துக்கொண்டு போனார். கடைசியாகப் பபூன் சின்னையா என்று கூப்பிட்டார்.

எழுந்தேன். கிழக்குக் கரை மேடைக்கு அந்தப் பக்கம். உடம்பு தானாகச் சபைப் பக்கம் திரும்பியது. கால் தன் பழக்கத்தைச் செய்தது. முகம் காட்டியபடி பின்னால் நடந்தேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்றது நாலாவது அடியில்தான் உறைத்தது. கருப்பையா கண்ணைப் பொத்திக்கொண்டார். முந்நூறு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அழகியம்மாள் மட்டும் தலையை நிமிர்த்தினார். நெற்றியிலிருந்து தாடை வரை என் முகத்தைப் பார்த்தார். நேரம் எவ்வளவு என்று தெரியாது. இலை வைத்திருந்த இடத்தில் எறும்பு வந்துவிட்டது.

"மொகத்த எனக்குக் காட்டவே இல்லய்யா. இப்பப் பாத்துட்டேன். திரும்பிக்க. போ."

திரும்பினேன். சபைக்கு முதுகு காட்டியது அதுதான் முதல் தடவை. பத்தடி போயிருப்பேன். பின்னால் ஓலை முறுகுகிற சத்தம் கேட்டது. பாய் சுருள்கிற சத்தம். பார்க்கவில்லை.

கரையில் கருப்பையா என் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். அத்தை பாயைச் சுருட்டிவிட்டதாகச் சொன்னார்.

"ஆனா நீங்க மொகம் காட்டிட்டுப் போறீங்க. இனி இந்தக் கரைக்கு வராதீங்க. வந்தா ஒங்கள என்ன பேரு சொல்லிக் கூப்பிடுறது?"

ஐந்தரைக்குக் கீரனூரில் பஸ். அதே எட்டணா. நார்த்தாமலை தாண்டும்போது நாக்கில் கருவாட்டு ருசி இருந்தது. காரம் கம்மி. எனக்குக் காரம் வேண்டும். ஆனாலும் அந்தச் சாப்பாடு குறையாகத் தோன்றவில்லை. அது ஏன் என்று யோசிப்பதை நிறுத்திவிட்டேன்.

ராஜபார்ட் எப்படி என்று வாத்தியார் கேட்டார். ஒரு வரியை விட்டுவிட்டார் என்றேன்.

எங்கள் ஊர்க் கொட்டகையில் முன்வரிசை நாற்காலி. டிக்கெட் இரண்டு ரூபாய். உட்காருகிறவர்கள் பாதிப் பேர் தூங்குவார்கள். பிற்பாடு நானும் ஏழெட்டுத் தடவை மேடை ஏறிவிட்டேன். பின்னால் நடந்து போவதால், கடைசியாகக் கண்ணில் படுவது எப்போதும் அந்த வரிசைதான். சில நாள் அதில் ஒரு நாற்காலி காலியாக இருக்கும். அதில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ என்று தோன்றும். அன்றைக்குத் திரும்பி, முதுகைக் காட்டிவிட்டுத்தான் போகிறேன். வாத்தியார் பிரம்பை எறிகிறார். வாங்கிக்கொள்கிறேன்.