ஷரிபுதீன் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்

நளீர் என்ன வேலை செய்கிறார் என்பது கல்முனைக்குடியில் அவருடைய மனைவி உட்பட யாருக்கும் தெரியாது. வைத்தியசாலைக்கு வைஃபை பூட்டுகிற ஆள் என்று தெருவில் ஒரு பேச்சு. நளீர் அதை மறுப்பதில்லை. மறுத்தால் விளக்க வேண்டி வரும்.

ஒரே ஒரு தடவை விளக்க வேண்டி வந்தது, வைத்தியசாலை முதலாளி டொக்டர் மீராசாவுக்கு. கடற்கரைப் பக்கமாக மூன்று மாடி எழுப்பியிருந்த அந்தத் தனியார் வைத்தியசாலையின் வலையமைப்பைக் காக்க மூன்று கருவிகள் இருந்தன. வாசல் கருவி, யார் எந்தக் கொம்பியூட்டரில் உள்ளே வந்தார் என்று அறியும். நோட்டக் கருவி, உள்ளே வந்தவர் ஒழுங்காக நடக்கிறாரா என்று பார்க்கும். மூன்றாவது கருவி வேண்டாதவரை வெட்டிவிடும். ஒரே வீட்டில் பெண் எடுத்த மூன்று மருமகன்மாரைப் போல, இவை ஒன்றோடொன்று கதைப்பதில்லை. கதைக்க வைப்பதுதான் நளீரின் திட்டம்.

"பள்ளி ஸ்பீக்கர யோசிங்க டொக்டர். ஒரு ஆள் மௌத்தாகினா மோதினார் ஒருக்காத்தான் சொல்லுவாரு. ஆருட மகன், எந்த ஊடு, எத்தின மணிக்கு அடக்கம், எல்லாம் அதுக்குள்ள வந்திரும். கேக்கிறவன் தனக்குத் தேவையானத எடுத்துக்குவான். குழி வெட்டுறவன் மம்பட்டிய எடுப்பான், கடைக்காரன் கதவப் பூட்டுவான், சம்பந்தி சண்டைய நிப்பாட்டுவான்."

"மைக்க ஆரும் பிடிக்கலாமா?"

"ஏலா டொக்டர். மைக் அறைத் திறப்பு மோதினார்ட்டத்தான். நம்மட கருவியளும் அப்பிடி. சான்றிதழ் உள்ளதுதான் பேசலாம், அதுவும் வெளியாளுக்கு விளங்காத பாஷையில. மத்தது கேட்டு நம்பும்."

நம்பும் என்ற சொல் டொக்டர் மீராசாவுக்குப் பிடித்துப்போனது. வரவுப் பதிவையும் அந்த ஸ்பீக்கரில் கொழுவச் சொன்னார். ஊழியர் உள்ளே வந்தாலும் வெளியேறினாலும் வீட்டுக்கு மெசேஜ் போகும். இதற்குக் குடும்ப நலத் திட்டம் என்று பெயரும் வைத்தார். உள்ளே வருவதற்கு ஒரு தடையும் இல்லை, கொம்பியூட்டரைத் திறந்தால் போதும். வெளியேறுவதற்கு மட்டும் விரல் வைக்க வேண்டும். வீட்டு எண்ணை மாற்றவும் அதே விரல்தான். நேரத்துக்கு முன் நழுவுகிறவர்களைப் பிடிக்கும் இந்த ஏற்பாட்டில் ஒருவர் மரணத்தின் வழியாக நழுவக்கூடும் என்று யாரும் யோசிக்கவில்லை.

ஆய்வுகூடத்து ஷரிபுதீன் அப்படித்தான் நழுவினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுபஹு தொழுதுவிட்டு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழும்பவில்லை. நல்ல மனிதர். மாலையில் 'வெளியேறினார்' என்று வீட்டுக்கு மெசேஜ் போனால் மனைவி மர்ஷூதா கேத்தலை அடுப்பில் வைப்பாள். தேயிலை ஊறும் நேரத்துக்கு மோட்டார் சைக்கிள் வாசலுக்கு வந்துவிடும். பள்ளியில் சொன்னார்கள், ஊர் கூடியது, அஸருக்கு முன் அடக்கம் முடிந்தது. வைத்தியசாலையே வந்திருந்தது. மூன்று கருவிகள் மட்டும் வரவில்லை. பள்ளி ஸ்பீக்கர் அவற்றுக்குக் கேட்காது.

மறுநாள் காலை, அவருக்கு உதவியாக வேலை பார்த்த யதுசா ஆய்வுகூடக் கொம்பியூட்டரைப் போட்டாள். இரத்தம் பரிசோதிக்கும் இயந்திரம் ஷரிபுதீனின் பெயரில் பதியப்பட்டது. கொம்பியூட்டரும் அவர் பெயரில்தான் தானாகத் திறக்கும். வாசல் கருவி முறைப்படி அறிவித்தது, மற்றவை முறைப்படி நம்பின. மர்ஷூதாவின் போன் சிணுங்கியது.

'ஷரிபுதீன். ஆய்வுகூடம். உள்ளே வந்தார்.'

மாலையில் யதுசா ஆளியை அணைத்துவிட்டுப் போனாள். அணைத்தால் வெளியேறியதாகாது. அதற்கு வேண்டிய விரல் மையவாடி மண்ணுக்குள் இருந்தது.

நளீர் சும்மா இருக்கவில்லை. இயந்திரத்தை விற்ற கொழும்புக் கம்பனிக்கு எழுதினார். பதிவுதாரர் நேரில் வந்தால் பெயரை மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். மரணச் சான்றிதழை அனுப்பினார். இந்த வகைச் சான்றிதழுக்குத் தங்கள் முறைமையில் இடமில்லை என்று, அனுதாபத்தோடு, பதில் வந்தது. பெயரை அழித்தால் மூன்று கருவிகளும் சேர்ந்து ஆய்வுகூடத்தையே வெட்டிவிடும். ஊரிலோ டெங்குக் காலம்.

"டெங்கு முடியட்டும் நளீர்," என்றார் டொக்டர் மீராசா. "மௌத்தானவருக்கு என்ன அவசரம்?"

அவசரம் மர்ஷூதாவுக்கு இருந்தது. அவள் ஆளனுப்பிக் கூப்பிட்டாள். இத்தா இருப்பவள், நாலு மாதமும் பத்து நாளும் வாசல் தாண்டமாட்டாள், அந்நிய ஆண் முன்னால் வரமாட்டாள். நளீர் முன்விறாந்தைக் கதிரையில் இருந்தார். அறைத் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"காக்கா, ஒவ்வொருநாளும் காலையில வாற அந்த மெசேஜ நிப்பாட்டித் தாங்களேன். பிள்ள பாக்கிறாள்."

"வந்த கையோட நீங்க அத அழிச்சிரலாமே தங்கச்சி?"

"ஒருநாள் அழிச்சன். அண்டைக்கு, வாப்பா வேலைக்குப் போகல்ல, ஊட்டுக்குள்ளதான் ஒளிச்சிரிக்காரு எண்டு அலுமாரியெல்லாம் திறந்து பாத்தாள்."

பிள்ளைக்குப் பெயர் சஹ்லா. ஒரே பிள்ளை, ஆறு வயது, எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகியிருந்த புதிது. மையித்தை எடுக்கும்போது பார்க்க வேண்டாம் என்று அவளை அக்கரைப்பற்றில் சாச்சி வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். திரும்பி வந்ததும், வாப்பா அல்லாஹ்விடம் போய்விட்டார் என்று சொன்னார்கள். போனோ வாப்பா ஆய்வுகூடத்தில் இருக்கிறார் என்றது. ஒன்று அழுதுகொண்டு சொன்னது. மற்றது நேரமும் இடமும் போட்டு எழுத்தில் வந்தது. எந்த விசாரணைக் குழுவும் செய்வதைத்தான் சஹ்லாவும் செய்தாள், எழுத்தை நம்பினாள்.

இப்போது கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நளீர் மாமா, நீங்களும் வாப்பாட ஆஸ்பத்திரியா?"

"ஓம் மகள்."

"வாப்பாவ ஏன் வெளிய விடுறாங்க இல்ல?"

நளீர் திரையைப் பார்த்தார்.

"வேல கூட மகள்."

"சோறு திண்டாரா?"

"ஓம்," என்றார் நளீர்.

வீடு போய்ச் சேரும்வரை அந்த 'ஓம்' அவர் கூடவே வந்தது. பிறகு தொழில்நுட்பக்காரனின் மூளை வேலை செய்யத் தொடங்கியது. கோளாறு என்ன? 'உள்ளே வந்தார்' என்று திறந்த பதிவு மூடப்படவில்லை. மூடிவிட்டால் பிள்ளை ஏன் காத்திருக்கப் போகிறாள்? கருவிகள் ஒன்றோடொன்று கதைக்கும் பொதுத்தளத்தின் தலைமைத் திறப்பு அவரிடம்தான் இருந்தது. வாசல் கருவியின் பெயரில், அதன் சான்றிதழோடு, அவரே ஓர் அறிவிப்பு விடலாம். மோதினாரின் மைக்கை ஆரும் பிடிக்க ஏலாது என்று விளக்கியவரும் அவரேதான்.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்து வேலையை எடுத்தார்.

"அண்ணா, பிறகு மெஷின் வேலை செய்யுமா?" என்று யதுசா கேட்டாள்.

"செய்யா. உள்ளுக்கு ஆளில்ல எண்டு தெரிஞ்ச உடன வெட்டிரும். புதுப் பேர் வரும்வரைக்கும் இரத்தத்த ஓட்டோல அக்கரைப்பற்றுக்கு அனுப்பு."

"டொக்டர் உங்கள வேலையால நிப்பாட்டிருவார்."

"எனக்கு விரல் இரிக்கிதானே. வெளியேறலாம்."

யதுசா சிரிக்கவில்லை. அவள் ஷரிபுதீனின் அலுமாரியைத் திறந்து, கடைசி நாள் அவர் விட்டுப்போன சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக் கழுவித் துடைத்து, அவருடைய பைக்குள்ளேயே வைத்துக் கொடுத்தாள்.

நளீர் அழுத்தினார். ஏற்பாடு பிசகின்றி வேலை செய்தது. ஒரு பொய்யை மூன்று கருவிகளும் ஒரே மூச்சில் நம்பின. ஆய்வுகூடத் திரை இருண்டது. கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒரு மெசேஜ் கல்முனைக்குடிக்குப் போனது.

'ஷரிபுதீன். ஆய்வுகூடம். வெளியேறினார்.'

பையை ஹேண்டிலில் கொழுவிக்கொண்டு நளீர் புறப்பட்டார். மர்ஷூதாவின் வீடு இருந்த ஒழுங்கைக்குள் திரும்பும்போது, வாசல் கடப்பு திறந்து கிடந்தது தெரிந்தது. சஹ்லா தெருவில் நின்றாள். தலை இழுத்து, பவுடர் பூசி, பெருநாள் சட்டை போட்டிருந்தாள். மோட்டார் சைக்கிள் சத்தத்துக்குத் துள்ளிக் குதித்தவள், முகத்தைக் கண்டதும் நின்றாள்.

"சஹ்லா, உள்ளுக்கு வாகா! உம்மாக்குத் தெருவுக்கு வர ஏலா, நீ வா மகள்!" கதவுக்குப் பின்னாலிருந்து மர்ஷூதா கத்திக்கொண்டிருந்தாள். பிறகு இன்னொரு குரலில், "காக்கா, வெளிக்கிட்டாரெண்டு வந்திரிக்கே, என்ன வேல செஞ்சீங்க?"

உள்ளே எங்கோ கேத்தல் கொதிக்கும் சத்தம் கேட்டது.

சஹ்லா மோட்டார் சைக்கிளின் பின்சீட்டைப் பார்த்தாள். பிறகு ஒழுங்கை முனையைப் பார்த்தாள்.

"வாப்பா பின்னால வாறாரா?"

நளீர் இறங்கினார். பள்ளியில் சொன்னபோது இவள் ஊரில் இருக்கவில்லை. அதை இனி அவர்தான் சொல்ல வேண்டும். அவள் முன்னால் குந்தினார்.

அதற்குள் அவள் அந்தப் பையை அடையாளம் கண்டுவிட்டாள். ஹேண்டிலிலிருந்து கழற்றி, சாப்பாட்டுப் பெட்டியை எடுத்து, காதோடு வைத்து ஆட்டிப் பார்த்தாள்.

"உம்மா!" என்று வீட்டைப் பார்த்துக் கூவினாள். "வாப்பா முழுக்கத் திண்டிரிக்காரு!"