இடது தோளில் மிஷின், மேலே பட்டு முந்தி

பட்டுப் புடவைக் கடையில் விற்பனையாளனுக்கு நாக்கு எவ்வளவு முக்கியமோ, இடது தோளும் அவ்வளவு முக்கியம். முந்தியை எங்கள் தோளில் போட்டு, மீசையும் தொப்பையுமாக மணப்பெண் போல நின்று காட்டுவதுதான் காஞ்சிபுரத்தில் எங்கள் பிழைப்பு. அந்தத் தோளுக்குச் சற்றுக் கீழேதான் எனக்குப் பேஸ்மேக்கர் வைத்தார்கள். நெஞ்சுக்குள் மிஷினோடு வேலைக்குப் போகும் சக ஜீவன்களே, மீதியை நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

முதலாளியின் கருணை

சில வாரங்களுக்கு இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக்கூடாது என்றார் டாக்டர். முதலாளி உடனே என்னைக் கடை வாசலில் உட்காரவைத்தார். வருகிறவர்களின் செருப்பை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுக்கவேண்டும். உள்ளே மெத்தையில், என் இடத்தில், கூட வேலை பார்க்கும் முருகன் உட்கார்ந்து புடவை பிரித்துக்கொண்டிருந்தான். பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. முகூர்த்த சீசனுக்குள் அந்த இடத்தைத் திரும்பப் பிடிக்காவிட்டால் மிச்ச ஆயுசு செருப்போடுதான் என்று பயமாகவும் இருந்தது. கை தேறியதும் உள்ளே வந்துவிடலாம்தானே என்று முதலாளியிடம் கேட்டேன்.

"இன்னாப்பா அவசரம்? புடவை கசங்குனா கஸ்டமர் கேப்பான். நீ கசங்குனா உங்க வீட்டம்மா இல்ல வந்து என்னைக் கேக்கும்!"

கோயில் வாசல்

மனிதரிடம் பலிக்காததைச் சாமியிடம் கேட்போம் என்று விடுமுறை நாளில் கோயிலுக்குப் போனேன். வாசலில் மெட்டல் டிடெக்டர். ஆஸ்பத்திரியில் கொடுத்த பேஸ்மேக்கர் அட்டையை நீட்டினேன். காவலுக்கு நின்ற பெண் போலீஸ் அதை முன்னும் பின்னும் திருப்பிப் படித்துவிட்டு, செல்போன், சாவி வைக்கும் பிளாஸ்டிக் தட்டைக் காட்டினார்.

"மிஷினைக் கழட்டி இதுல வச்சிட்டுப் போங்க சார். சாமி பாத்துட்டு வந்து எடுத்துக்கலாம்."

டோக்கன் உண்டா என்று கேட்க நாக்கு துடித்தது. தொழில் பாசம்.

வலது தோள்

முருகன் லீவு போட்ட அன்று பார்த்து, வாலாஜாபாத்திலிருந்து ஒரு கல்யாண வீடே வேனில் வந்து இறங்கியது. முதலாளிக்கு வேறு வழியில்லை, என்னை மெத்தைக்குக் கூப்பிட்டார். இடது கையைத் தூக்க டாக்டர் இன்னும் அனுமதி தரவில்லை. அரக்கு நிறப் புடவை ஒன்றை எடுத்து, முந்தியை வலது தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். பெண்ணின் அம்மா தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"ஏம்பா, பொண்ண இங்க செவிலிமேட்டுல குடுக்கறோம். நீ இன்னா, முந்திய வலது பக்கம் போட்டு குஜராத்துக்கு அனுப்பறே?"

மூன்றாவது புடவை

காரணத்தைச் சொல்லவேண்டியதாயிற்று. கடையையே பிரிக்கவைத்துவிட்டு, "ஒரு ரவுண்டு போயிட்டு வர்றோம்" என்று எழுந்து போவதுதான் கல்யாண வீட்டார் வழக்கம். இவர்களோ, நான் நான்காவது புடவையை எடுப்பதற்குள் பதறிப்போனார்கள். பெண்ணின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போதும்பா, இதுக்கு மேல உன்னைப் பிரிக்கச் சொன்னா பாவம் எங்களைத்தான் சுத்தும். இந்த மூணையும் கட்டிடு!"

மறுநாள் செருப்பு டோக்கன் முருகன் கைக்குப் போனது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் சாமர்த்தியத்தால் கிடைத்த இடமில்லையே என்று கொஞ்சம் உறுத்தவும் செய்தது. கையைத் தூக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்றே, அந்த உறுத்தல் தீர, ஆசையோடு இடது தோளில் முந்தியை வீசிப் போட்டேன். கல்லாவிலிருந்து முதலாளி பதறி ஓடிவந்து என் காதில் சொன்னார்:

"தூக்காதப்பா! கஸ்டமர் பில்லு போடறவரைக்கும் கொஞ்சம் மூச்சு வாங்கற மாதிரியே இரு."

என்னைத் தேற்றியது பேஸ்மேக்கர் என்றால், என் வேலையைக் காப்பாற்றி வருவது நான் இன்னும் தேறவில்லை என்ற கஸ்டமர்களின் நம்பிக்கைதான்.