ஊசி போட்டாள்... மாதவிலக்கு நின்றது!

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு கர்ப்பச் செய்தி பரவியது. கர்ப்பிணி என்று சொல்லப்பட்டவளுக்குத்தான் அது கடைசியாகத் தெரிந்தது!

அவள் ரேவதி. பக்கத்து வீடு. ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் தையல் மெஷின் வேலை. இரண்டு பெண் குழந்தைகள். போதும் என்று கணவனும் மனைவியும் முடிவெடுத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியை அவள் போட்டுக்கொண்டிருந்தாள். மாமியாரிடம் மட்டும் சொல்லவில்லை. அவருக்குப் பேரன் வேண்டும்.

ஊசியை மறைக்கலாம். மாதவிலக்கு நின்றுபோனதை மறைக்க முடியுமா? 'அந்த' நாட்களில் சாமி படத்துப் பக்கமே போகாத மருமகள், இப்போதெல்லாம் இடைவெளியே இல்லாமல் விளக்கேற்றுகிறாள்... மாமியார் முடிவுக்கு வந்துவிட்டார். தெருவுக்கும் சொல்லிவிட்டார்.

நம் ஊரில் ஒரு பெண்ணின் மாதவிலக்கு கரண்ட் கட் மாதிரி — தெருவுக்கே தெரிந்துவிடும்!

கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவளை வழியிலேயே மறித்து வாழ்த்தினார்கள். நேராக என் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"இன்னாக்கா பண்றது? நிஜமாவே உண்டாயிட்டனோன்னு எனக்கே பயமா கீது. ரத்தம் உள்ளயே தேங்கிடும்னு வேற கம்பெனில சொல்றாங்க..."

அன்றிரவே மாமியாரிடம் உண்மையைச் சொன்னாள். மறுநாள் மூவருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். டெஸ்ட் எடுத்தார்கள். கர்ப்பம் இல்லை.

"அப்போ அந்த ரத்தமெல்லாம் எங்க போச்சு?" என்று நர்ஸைப் பிடித்துக்கொண்டார் மாமியார்.

"எங்கயும் தேங்கலம்மா. மாசாமாசம் கர்ப்பப்பை உள்ள வளர்ற படலம்தான் ரத்தமா வெளிய வரும். இந்த ஊசி அதை வளர விடாது. வளர்ந்தாத்தானே வரும்? ஆரம்பத்துல சிலருக்குத் திட்டுத் திட்டாப் படும். அப்புறம் நின்னுடும். காப்பர்-டி போட்டவங்களுக்கு நேர்மாறா ஜாஸ்தியாகலாம்."

மாமியார் மருமகள் பக்கம் திரும்பினார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா விட்டிருப்பீங்களா அத்தை?"

மாமியார் பேச்சை மாற்றி, "வயித்து வலியும் இல்லியா?" என்றார்.

"இல்ல அத்தை."

"எனக்கெல்லாம் உயிரே போவும். அதோடயே நடவுக்குப் போவேன்."

குரலில் கோபம் இல்லை. சரி, பேரன் ஆசையும் தணிந்துவிட்டது என்று நினைத்தேன். ரேவதியை உள்ளே கூப்பிட்டதும், மாமியார் மெல்ல நர்ஸிடம் நகர்ந்தார்.

"ஊசிய நிறுத்தினா எத்தினி மாசத்துல கொழந்த நிக்கும்?"

அதே நேரம், உள்ளே ரேவதி அடுத்த ஊசியைப் போட்டுக்கொண்டிருந்தாள்!