அம்மா எழுந்திருக்கவில்லை

ஒரகடத்தில் ஒரு கம்பெனியின் வரவேற்பறையில் காத்திருந்தபோது, நாற்காலியின் வளைந்த எஃகுக் குழாயைப் பிடித்திருந்த என் உள்ளங்கையில் அந்தப் பழைய இரும்பு வாசனை ஏறியது. எங்களிடமும் அப்படியொன்று இருந்தது. குழாயை வளைத்துச் செய்தது, பின்கால்களே இல்லாதது, உட்கார்ந்தால் மெல்ல ஆடுவது. ஏதோ ஆபீஸில் கழித்துப் போட்டதை அம்மா தலையில் சுமந்து வந்திருந்தாள்.

வெளியே இன்று கன்டெய்னர் லாரிகள் நிற்கும் இடத்தில்தான் எங்கள் காலனித் தெரு இருந்தது. கம்பெனியில் ஷிப்ட் முழுக்க நின்றே வேலை செய்துவிட்டு வரும் அம்மா, வாசலில் அதைப் போட்டு, வீங்கிய கால்களை நீட்டி, கண்மூடி ஆடிக்கொண்டிருப்பாள்; அது கிறீச் கிறீச்சென்று முனகுவதைக் கேட்டபடி நான் வீட்டுப்பாடம் எழுதுவேன்.

ஊர்த்தெருவிலிருந்து நிலக்காரர் பைக்கில் வந்தால் எங்கள் தெருவே எழுந்து நிற்கும். ஒருநாள் அம்மா எழவில்லை. அவர் வண்டியை நிறுத்தினார்.

"இன்னாடி, நாற்காலி வந்ததும் மரியாதை போயிடுச்சா?"

"காலையிலேர்ந்து நின்னுக்கினேதான் இருந்தேன். இப்போ உக்காந்துக்கினு கீறேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, காத்து வரல."

அவர் கத்திவிட்டுப் போனார். "உன்னால எங்களுக்கும் வம்பு" என்று எதிர்வீட்டு மேரி அக்கா அம்மாவைத் திட்டித் தீர்த்தாள்.

மறுநாள் மாலை அதே பைக் சத்தம் கேட்டதும் மேரி அக்கா வெளியே வந்தாள். பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.