துவைக்கிற கல்

ஹவாய்த் தீவின் உட்புறப் பள்ளத்தாக்கில், மழை விட்டதும் ஒரு பழைய கோயில் மேட்டுக்கு எங்களைக் கூட்டிப்போனார்கள். கூரையில்லை, சிலையில்லை. கறுப்புக் கல் அடுக்கின் மேல் இலையில் பொதிந்த காணிக்கை மட்டும் இருந்தது. கற்களின் மேல் யாரும் ஏறக் கூடாது என்றாள் வழிகாட்டிப் பெண்.

"வெறும் கல்லுதானே?" என்று என் காதில் முணுமுணுத்தார் கணவர்.

ஈரக் கல்லின் வாசனை என்னை எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரிக்கு இழுத்துப்போனது. அங்கே எங்கள் கிணற்றடியில் அத்தை துணி துவைக்கிற கல்லும் இதே கறுப்புதான். எப்போதும் சவுக்காரம் மணக்கும். தொழிற்சாலைக்குச் சாலை போட, கிணற்றைத் தூர்க்க ஜேசிபி வந்த காலையில், அத்தை அந்தக் கல்லை நிமிர்த்தி வைத்து மஞ்சள் பூசி, குங்குமமிட்டு, கற்பூரமும் ஏற்றிவிட்டாள். பள்ளிச் சீருடையில் நான் வாய் பிளந்து நின்றேன்.

"இன்னாப்பா பாக்கறே? கன்னியம்மா கீறா. தைரியம் இருந்தா தள்ளு!" என்றாள் அத்தை, ஜேசிபி டிரைவரிடம்.

தெற்கத்திக்கார டிரைவர் இஞ்சினை அணைத்தான். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினான்.

"எங்க ஊர்லயும் கன்னிமார் உண்டுக்கா. நான் கைவைக்க மாட்டேன்."

சாலை வளைந்து போனது. இன்றும் ஷிப்டுக்குப் போகிறவர்கள் அங்கே பைக்கை நிறுத்திக் கும்பிடுகிறார்கள். அன்று வீட்டில் எல்லோரும் சிரித்துச் சிரித்து மாய்ந்தோம். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. மாலையே துணி துவைக்க வேறு கல் தேடிப் போனாள்.

நான் செருப்பைக் கழற்றினேன்.

"நீங்களும் கழட்டுங்க," என்றேன் கணவரிடம்.