வயிற்றைச் சிறிதாக்கிக்கொண்ட வருடம்

என் கணவர் தஞ்சோங் மாலிம் பக்கத்தில் தான் ஓட்டிவந்த லோரியைக் கால்வாயில் இறக்கிய பிறகுதான், என் உடம்பைப் பற்றி நாங்கள் முதன்முதலாக மனம்விட்டுப் பேசினோம். நெற்றியில் தையல் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண் அசந்துவிட்டதாம். ராத்திரியெல்லாம் வீட்டில்தானே படுத்திருந்தீர்கள், ஏன் தூக்கமில்லை என்று கேட்டேன். நெற்றிக் கட்டைத் தடவிக்கொண்டார்.

"நீ தூங்கும்போது மூச்சு நின்னுபோவுது. எழுப்பாம விட்டா என்ன ஆவுமோன்னு முழிச்சிக்கிட்டே கெடப்பேன்" என்றார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. மலேசியாவில், ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் வாடகை வீடு, நாங்கள் இரண்டு பேர் மட்டும். ஜெலாப்பாங்கில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் தைத்துக்கொண்டிருந்தேன். நான் குண்டு என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. பஸ்ஸில் என் பக்கத்து இடம் எப்போதும் காலியாகவே வரும். முட்டி வலிக்காக மாத்திரை, சர்க்கரைக்கு மாத்திரை என்று பழகிப்போயிருந்தது. பட்டினி கிடந்து இளைப்பேன், ஆறு மாதத்தில் பழையபடி ஏறிவிடும். ஆனால் என் உடம்பு இன்னொருவரைக் கால்வாயில் கொண்டுபோய்த் தள்ளும் என்று நான் நினைத்ததில்லை.

ஈப்போவில் எனக்கு மருந்து கொடுத்துவந்த சீன டாக்டர், கோலாலம்பூரில் ஒரு சர்ஜனிடம் அனுப்பினார். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த மலாய்க்காரர் அவர். குரல் தணிந்த மனிதர். தாளில் ஒரு இரைப்பையை வரைந்து, மேல்பக்கமாக ஒரு கோடு போட்டார். இந்த இடத்தில், தாளுக்கு அடிக்கிற மாதிரி, வரிசையாகக் கம்பி ஊசி அடித்துச் சின்னப் பை ஆக்கிவிடுவேன், அதற்குமேல் சாப்பிட முடியாது என்று மலாயில் சொன்னார். இந்த நாட்டில் இது புதுசு, தான் செய்ததும் கொஞ்சம் பேருக்குத்தான் என்பதையும் மறைக்கவில்லை. உங்களைப் போன்ற உடம்புக்கு மயக்கமருந்தே ஆபத்து, மேசையிலேயே போனாலும் போகலாம் என்றார். என் கணவர் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று நான்தான் கேட்டேன். அதுவும் நல்லதாக இருக்காது என்றார் டாக்டர்.

முதலில் கொஞ்சம் இளைத்துவிட்டு வரச் சொல்லியிருந்தார். காலையில் கோயில்வரை நடந்தேன். தண்ணீர் நிரப்பிய போத்தலில் ரப்பர் குழாயை விட்டு, நெஞ்சு வலிக்கும்வரை ஊதினேன். நுரையீரல் தயாராக இருந்தால்தான் பிழைப்பீர்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். குமிழி எழும்பும் சத்தம் கேட்டால் என் கணவர் வெளியே போய்விடுவார்.

அம்மாவிடம் சொல்ல பீடோருக்குப் போனோம். அம்மா அப்போதும் ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில்தான் இருந்தார். பால்மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. நான் சொல்லி முடிக்கும்வரை அம்மா கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தார். பிறகு கையை உதறிவிட்டு எழுந்தார்.

"ஜப்பான்காரன் காலத்துல சோறில்லாம செத்த பிள்ளைய பொதைச்சவ நான். ஒனக்கு அக்கா. நீயா போயி பசிய வாங்கிட்டு வர்றியா?"

அந்த அக்காவைப் பற்றி அம்மா என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. மரவள்ளிக் கிழங்கைத் தின்று தின்று வயிறு ஊதிச் செத்துப்போனாள் என்று லயத்தில் அண்டை வீட்டுக்காரி ஒருத்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். மூச்சு நிற்பதையும் லோரி கால்வாயில் இறங்கியதையும் விளக்கிப் பார்த்தேன். சோற்றைக் குறைத்தால் போதாதா என்று மட்டும் கேட்டுவிட்டு அம்மா பின்கட்டுக்குப் போய்விட்டார். கிளம்பும்போது வாசலுக்கு வரவில்லை.

கோலாலம்பூரில் ஆப்பரேசன் முடிந்து கண் விழித்தபோது, பிழைத்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். வயிற்றில் நீளத்துக்குக் கட்டு. மூக்கில் குழாய். என் கணவர் சிரித்தார். முதல் இரண்டு நாள் எல்லாம் சரியாகத்தான் போனது. அதற்கப்புறம் இடது தோளில் ஒரு வலி வந்தது. படுத்த வாக்கில் பிடித்துக்கொண்டது என்று நினைத்தேன். சாயங்காலத்துக்குள் இதயம் ஓடுகிற ஓட்டம் காதுவரை கேட்டது. காய்ச்சல் ஏறியது. நாடி பிடித்துப் பார்த்த நர்ஸ், முகத்தை மாற்றிக்கொள்ளாமல் வெளியே போனாள். திரும்பி வந்தபோது சர்ஜனும் கூடவே வந்தார்.

ஊசி அடித்த இடத்தில் ஒரு ஓரம் கசிகிறது, மறுபடியும் வயிற்றைத் திறக்க வேண்டும், காத்திருக்க நேரமில்லை என்றார். என் கணவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டார். எனக்குக் கேட்கவில்லை. தள்ளுகட்டிலில் போகும்போது விளக்குகள் ஒவ்வொன்றாகத் தலைக்குமேல் கடந்துபோயின. அம்மா சொன்னதைக் கேட்டிருக்கலாமோ என்ற எண்ணத்தோடுதான் உள்ளே போனேன்.

தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியின் ஆபீசுக்கு என் கணவர் போன் செய்திருக்கிறார். நான் நினைவு திரும்பிப் பார்த்தபோது, அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வெளியூருக்குத் தனியாகப் பஸ் ஏறியே பழக்கமில்லாதவர், இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஈரத்துணியால் என் உதட்டைத் துடைத்துவிட்டார்.

பல வாரம் குழாய் வழியாகத்தான் ஆகாரம். பிறகு கரண்டியில் தண்ணீர். எப்படி ஊட்ட வேண்டும் என்று நர்ஸ் அம்மாவுக்குக் காட்டிக்கொடுத்தாள்: ஒரு கரண்டி, கொஞ்சம் பொறுத்திருந்து இன்னொன்று, முகம் சுளித்தால் நிறுத்திவிட வேண்டும். அம்மா அதை ஒரு தடவைகூட மீறவில்லை. எங்களோடு புந்தோங்குக்கே வந்துவிட்டார். கஞ்சித் தெளிவு, பருப்புத் தண்ணி, மெல்லிய துணியில் வடிகட்டிய சூப். நான் வாந்தி எடுக்கும்போதெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தலைமுடி கொத்துக்கொத்தாக வந்தது. சீப்பை நான் பார்ப்பதற்குள் அம்மா எடுத்து ஒளித்துவிடுவார்.

என் முகத்தில் எலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது. அம்மாவின் முகத்திலும் தெரிந்தது. அதை நான் கவனிக்கவே இல்லை. ஒரு நாள் காலையில் பின்பக்கக் குழாயடியில் வாளி உருண்ட சத்தம் கேட்டது. சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய்ப் பார்த்தால், அம்மா சிமென்ட் தரையில் கிடந்தார். என்னால் குனியவும் முடியவில்லை, தூக்கவும் முடியவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். அவரும் அவர் கணவரும் வந்து தூக்கிக் காரில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம் அம்மாவின் தலை என் மடியில். ஆறாத தையல் மேல் பட்டு வலித்தது. நகர்த்தவில்லை.

இந்தம்மா சரியாகச் சாப்பிட்டுப் பல நாள் ஆகிவிட்டது என்றார் டாக்டர். கேட்டபோது அம்மா முதலில் மழுப்பினார். அப்புறம் என் கணவரிடம் சொல்லியிருக்கிறார்: அவள் மூணு கரண்டியோட வாயைத் துடைச்சிக்கிறா, அதுக்கப்புறம் எனக்கு எறங்கல.

எனக்குக் கோபம்தான் வந்தது. செத்துப்போகத்தான் வந்தாயா என்று கேட்க வாயெடுத்தேன். ஏற்கெனவே ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் அப்படிப் பேச நா எழவில்லை. மறுநாள் அம்மாவை வீட்டுக்குக் கூட்டிவந்தோம். மத்தியானம் என் கணவரைக் கோழிக்கறி சமைக்கச் சொன்னேன். அம்மாவை மேசையில் உட்காரவைத்து, எதிரே நானும் உட்கார்ந்தேன்.

"நீ சாப்பிடும்மா. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"ஒனக்கு ஆசையா இருக்காதா?"

"இருக்கும். பரவால்ல, சாப்பிடு."

கறி வாசனை என்னை என்னவோ செய்தது. பசி இல்லை. ஆனால் நாக்கு தவித்தது. அம்மா முதல் உருண்டையை வாயில் வைத்துவிட்டு, மெல்லாமல் என்னையே பார்த்தார். நான் பார்வையைத் திருப்பவில்லை. மெதுவாக மென்றார். அழுதுகொண்டேதான் சாப்பிட்டார். தட்டு காலியாகும்வரை நான் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான் நடந்தது.

அடுத்த வருடம் நான் தொழிற்சாலைக்குத் திரும்பினேன். பழைய உடம்பில் பாதிதான் இருந்தது. பின்னால் கொஞ்சம் ஏறவும் செய்தது. மூச்சு நிற்பது நின்றுவிட்டது. இறைச்சியும் பரோட்டா மாதிரியான ரொட்டிச்சானாயும் இன்றுவரை எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. அவசரமாக விழுங்கினால் நெஞ்சில் நின்றுவிடும்.

அம்மா கடைசிவரை அந்த ஆப்பரேசனை ஒத்துக்கொள்ளவே இல்லை. மகள் ஏன் இப்படி இளைத்துவிட்டாள் என்று தோட்டத்தில் யாராவது கேட்டால், வயித்துல கட்டி, வெட்டி எடுத்துட்டாங்க என்று சொல்லிவிடுவார். நான் பக்கத்தில் நின்றாலும் அதையேதான் சொல்வார். நானும் தலையை ஆட்டுவேன்.